நாளொன்றுக்கு அரை லிட்டர்

மார்ச் 4, திங்கள்

காலையில் வடிகட்டியின் கேண்டிலைத் தேய்த்துக் கழுவினேன். பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரில் இவ்வளவு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் இதையே ஒரு பாடமாக நடத்தியிருப்பேன்.

பதினோரு மணி பஸ்ஸில் மேலத்தருவை போனேன். அங்கே உப்பளத் தொழிலாளர் காலனியின் மேல்நிலைத் தொட்டியைப் போன வாரம் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்துச் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும். நான்கு குழாய்களில் மாறியது. கடைசிக் குழாயில் மாறவில்லை. தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் சொன்னேன். "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்னுல்லா நினைச்சோம்" என்றார். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது.

இரண்டு மணிக்கு உப்பளத்திலிருந்து பெண்கள் திரும்பினார்கள். எல்லார் பையிலும் ஒரு தண்ணீர் பாட்டில். எல்லாப் பாட்டிலும் கழுத்து வரை நிறைந்திருந்தது.

"காலையில கொண்டு போனதாம்மா?"

"ஆமா டீச்சர்" என்றாள் பேராச்சி.

"குடிக்கவே இல்லையா?"

"வாய் கொப்புளிச்சோம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு வருடமாகப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன். அதைக் குடிக்கிறார்களா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

பேராச்சி என்னிடம் படித்தவள். எட்டாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டாள். வீட்டுக் கஷ்டம். இப்போது முப்பத்தாறு வயது. கணவன் சுடலைமுத்து லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறான். மகள் சுபிதா ஏழாம் வகுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே பேராச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதற்கு, "உப்பு வாருற கைக்கும் இடுப்புக்கும் இது சகஜம் டீச்சர்" என்றாள். முகம் சகஜமாக இல்லை.

மார்ச் 6, புதன்

முழங்கால் வலி. வெளியே போகவில்லை. கூடத்தில் ஒட்டடை அடித்தேன். 'மாவட்டத்தின் தூய்மையான பள்ளி' கேடயத்தைத் துடைத்து வைத்தேன். வெள்ளி முலாம் மங்கிவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

காலனியின் சமுதாயக் கூடத்தில் வகுப்பு. வகுப்பு என்று சொல்லக்கூடாது, கூட்டம். பழக்கம் போகவில்லை. இருபத்திரண்டு பேர் வந்தார்கள்.

சிறுநீரகத்துக்குக் காப்பி வடிகட்டியை உதாரணம் சொன்னேன். ஒரு டம்ளர் வெந்நீர் விட்டால் டிகாக்ஷன் இறங்கும். ஒரு ஸ்பூன் மட்டும் விட்டால் பொடி இறுகி அடைத்துக்கொள்ளும். உடம்பும் அப்படித்தான், தண்ணீர் போகப் போகத்தான் கழிவு இறங்கும். வெயிலில் நிற்கிறவர்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டம்ளராவது குடிக்க வேண்டும் என்றேன்.

சந்தனமாரிதான் முதலில் வாயைத் திறந்தாள். அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்குக்காரி அவள். "பன்னெண்டு டம்ளரைக் குடிச்சா பாத்தியிலேயே உக்கார வேண்டியதுதான் டீச்சர். முதலாளிக்கு உப்பு கொஞ்சம் கூடுதலா விளையும்."

சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். உப்பளத்தில் ஒரு மறைவு கிடையாது. ஒரு மரம் கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைத் தரை. ஆண்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்கள். பெண்கள் அரை மைல் நடந்து உடைமரக் காட்டுக்குப் போக வேண்டும், போய்வந்தால் வேலை பின்தங்கும், சத்தம் போடுவார்கள். அதனால் காலை நாலு மணிக்கு எழுந்தவுடன் ஒரு வாய், மதியம் வீடு வந்து ஒரு செம்பு. அவ்வளவுதான்.

"உப்பளத்துக்கு வந்துதான் இப்படிப் பழகினீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர்" என்றாள் பேராச்சி. "பள்ளிக்கூடத்துலயே பழகிட்டோம்லா."

பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 14, வியாழன்

பேராச்சியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வர மாட்டேன் என்றாள். சிறுநீரில் இரத்தம் வருகிறது என்று சந்தனமாரி போட்டுக்கொடுத்த பிறகுதான் அவளை இழுத்துக்கொண்டு போக முடிந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா இளவயதுக்காரி, பொறுமையாகச் சொன்னாள். ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது. மற்றதில் கற்கள், வீக்கம், கிருமி. மாத்திரை கிருமியைப் பார்த்துக்கொள்ளும். "மீதியை நீங்கதான் பாத்துக்கணும்கா. மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும். அடக்கவே கூடாது. இப்பவே விழிச்சுக்கிட்டா இந்த ஒண்ணைக் காப்பாத்திரலாம்."

பேராச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வகுப்பிலும் இப்படித்தான், புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஒரே தலையாட்டல்.

பஸ்ஸில் கேட்டேன், "வேலையை விட்டுரேன்."

"ஒரு சம்பளத்துல எப்படி டீச்சர்? சுபிதா படிக்கணும்லா." பிறகு, "அங்கேயே ஒரு கக்கூஸ் மட்டும் இருந்தா நான் குடிச்சிருவேன் டீச்சர். எனக்கு மட்டும் தாகம் இல்லாமயா இருக்கு?" என்றாள்.

மார்ச் 15, வெள்ளி

உப்பள முதலாளிக்கு மனு எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினேன். ரேஷனில் பாமாயில் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

உப்பளத்துக்கே போய்விட்டேன். பத்து மணிக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. தரை முழுக்கக் கண்ணாடி பதித்தது போல. பாத்திக்குள் கணுக்கால் அளவு உப்புநீரில் நின்று பெண்கள் பலகையால் உப்பை இழுத்துக் கூட்டுகிறார்கள். பாதங்களில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு.

கணக்கப்பிள்ளை லிங்கதுரை என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தான். அவனும் என் மாணவன், பேராச்சியின் வகுப்புதான். வகுப்புத் தலைவனாக இருந்தவன். இப்போது வேலையை மேற்பார்க்கிறவன் அவன்தான், முதலாளி மாதம் ஒருமுறை வருவதோடு சரி. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"சட்டப்படி தொழிலாளிகளுக்குக் கழிப்பறை வேணும் லிங்கதுரை. மனு கொண்டுவந்திருக்கேன்."

"சட்டம் எதுக்கு டீச்சர்? நீங்க கேட்டு நான் இல்லம்பனா? முதலாளிட்ட நான் பேசுதேன். ஆபீசரும் வந்தா அதைத்தான் கேக்காரு."

பாத்தியிலிருந்து பேராச்சி தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

திறந்துவிட்டார்கள்! மூன்றே வாரத்தில் இரண்டு அறை, வெள்ளை டைல்ஸ், மேலே நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், கதவுக்கு உள்தாழ்ப்பாள். ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ விழாவில் நின்றிருக்கிறேன், ஒரு கழிப்பறைக்கு முன்னால் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை.

"முதல்ல யாரு போறது?" என்று பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். சந்தனமாரி, "ஏட்டி பேராச்சி, உனக்காகத்தானே கட்டுனது, நீ போட்டி" என்று அவளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். வெளியே வந்தபோது பேராச்சி புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். எல்லார் முன்னாலும் பாட்டிலைத் திறந்து மடமடவென்று பாதி குடித்தாள். நான் கைதட்டினேன்.

நாளை ஓசூர். மருமகளுக்கு இந்த மாதம் பிரசவம்.

ஏப்ரல் 21, ஞாயிறு. ஓசூர்

பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ. குழந்தையை விட நான்தான் அதிகம் அழுதேன் என்று மகன் கேலி செய்கிறான்.

ஏப்ரல் 28, ஞாயிறு. ஓசூர்

பேராச்சியிடம் போனில் பேசினேன். "குடிக்கேன் டீச்சர். நல்லா இருக்கேன் டீச்சர். பேத்தி யாரு சாயல்?" குரல் கொஞ்சம் இளைத்திருந்தது. சிக்னல் சரியில்லை.

மே 9, வியாழன். ஓசூர்

பத்தியக் குழம்பு, துணி, தொட்டில். பேராச்சிக்கு மறுபடி போன் செய்தேன். குடிக்கிறாளாம். மாத்திரையும் சாப்பிடுகிறாளாம்.

மே 19, ஞாயிறு

நேற்று வந்து சேர்ந்தேன். இன்று காலனி. பேராச்சியின் முகம் ஊதியிருந்தது. நல்ல சாப்பாடு போல என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்தது, எழவில்லை.

"குடிக்கிறேன்னு சொன்னியேம்மா?"

சந்தனமாரிதான் சொன்னாள். "என்னத்தக் குடிக்க? அது பூட்டிக் கிடக்கு டீச்சர். நீங்க ரிப்பன் வெட்டி எட்டு நாளு. ஒம்பதாம் நாளு பூட்டிட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று பேராச்சியைக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க டீச்சர். பச்சப்பிள்ள இருக்கிற வீட்டுல, போன்ல அதை எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு, நான் திட்டிவிடக்கூடாது என்பது போல, "அந்த எட்டு நாளும் நல்லாக் குடிச்சேன் டீச்சர்" என்றாள்.

மே 20, திங்கள்

உப்பளம் போனேன். இரண்டு கதவிலும் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உள்ளே டைல்ஸ் பளபளவென்று இருந்தது.

லிங்கதுரை குடையோடு ஓடிவந்தான். பேத்தியைப் பற்றி விசாரித்தான்.

"இது என்னப்பா?" என்றேன்.

"எட்டு நாள் திறந்து போட்டேன் டீச்சர். அறுபது பொம்பளையாளு, சகதிக் காலு. நீங்களே வந்து பாத்திருந்தா முகஞ்சுளிச்சிருப்பீங்க. கழுவுறதுக்கு ஒருத்தரும் வர மாட்டேங்காங்க. ஜூன்ல ஆபீசர் வாராரு. அன்னிக்குச் சுத்தமா இருக்கணும்லா."

"அவர் ஒரு நாள் பாக்கிறதுக்காக இவங்க தினமும் அடக்கிக்கிட்டு நிக்கணுமா? இது என்ன நியாயம் லிங்கதுரை? யாரு உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தா?"

அவன் சிரித்தான். "நல்லாருக்கே டீச்சர். நம்ம பள்ளிக்கூடத்துல நீங்க எப்படி வச்சிருந்தீங்க! பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆபீசர் வாற அன்னிக்கு உங்க பீரோவுல இருந்து சாவி எடுத்துட்டுப் போய் நான்தானே திறப்பேன்? மாவட்டத்துலயே நம்ம பள்ளிக்கூடம்தான்னு கேடயமே குடுத்தாங்களே. அதை நினைச்சுத்தான் டீச்சர் இங்கேயும் அப்படிச் செஞ்சேன்."

கேலியாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். கேலியாகச் சொல்லியிருக்கலாம்.

நான் திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். பெண்கள் குனிந்து உப்பு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மே 21, செவ்வாய்

மாவு அரைத்தேன். தொட்டி கழுவினேன். வேறு ஒன்றும் இல்லை.

மே 22, புதன்

இந்த நோட்டில் மார்ச் 4-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'எட்டாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டாள். வீட்டுக் கஷ்டம்.' பிள்ளைகள் பொய் எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பேன். இப்போது என் கையிலேயே பேனா இருக்கிறது.

நான் தலைமையாசிரியை ஆன வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினார்கள். நூற்று நாற்பது பெண்பிள்ளைகள், ஒரு அடிபம்பு, வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஒரு துப்புரவுப் பணியாளர். ஒரு மாதத்தில் அது நிற்க முடியாத இடமாகிவிட்டது. அலுவலர் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குறிப்பு எழுதினார். எனக்கு அவமானமாக இருந்தது. கழுவிப் பூட்டினேன். சாவியை என் பீரோவில் வைத்தேன். ஆசிரியைகள் கேட்டால் கொடுப்பேன். பிள்ளைகள் கேட்டால், மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போய்வா என்பேன். கொடுமை செய்வதாக ஒரு நாளும் நினைத்ததில்லை. பள்ளியைச் சுத்தமாக வைத்திருப்பதாகத்தான் நினைத்தேன். பதினான்கு வருடம் பூட்டியே வைத்திருந்தேன்.

பிள்ளைகள் வகுப்பில் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். கொஞ்ச நாளில் விரல் தூக்குவது குறைந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. சத்துணவுக்குப் பிறகு பம்பில் வாயை மட்டும் கொப்புளிப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருட அரையாண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை மூன்று முறை விரலைத் தூக்கினாள். முடித்துவிட்டுப் போ என்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் பெஞ்சுக்குக் கீழே தரை நனைந்தது. பையன்கள் சிரித்தார்கள். நான் பையன்களை அதட்டினேன். அந்தப் பிள்ளையிடம், வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வா என்றேன். அவள் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் நினைவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பேராச்சி. பேராச்சி. பேராச்சி.

மே 24, வெள்ளி

லிங்கதுரையிடம் போனேன். "பூட்டைத் திற. கழுவ ஆள் இல்லைங்கிறதுதானே உன் குறை? நான் கழுவுறேன்."

"ஐயோ டீச்சர், நீங்களா? ஊரு என்னைக் காறித் துப்பும்."

"நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு லிங்கதுரை. தப்பான பாடத்தை நடத்திட்டேன். திருத்த விடு."

அவனுக்கு அது முழுவதும் புரிந்ததா தெரியவில்லை. திறந்துவிட்டான். வாளி, பிரஷ், பினாயில் எல்லாம் நானே வாங்கிப் போயிருந்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. சந்தனமாரி பாத்தியை விட்டு ஏறிவந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள். "தள்ளுங்க டீச்சர். இதைக் கூட ஒழுங்கா தேய்க்கத் தெரியல. ஆளுக்கு ஒரு நாள்னு நாங்களே முறை போட்டுக்கிடுதோம்." அறுபது பேருக்கும் முறை எழுதிக் கதவில் ஒட்டினோம். பத்து நிமிட வேலை அது. பதினான்கு வருடத்தில் எனக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

பேராச்சி இன்று வேலைக்கு வரவில்லை.

மே 27, திங்கள்

பேராச்சி வீட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸ். கடைசியில் இருந்த அந்த ஒரு சிறுநீரகமும் நின்றுவிட்டதாம். அதே டாக்டரம்மாதான் பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மார்ச்ல சொன்னேனே அம்மா" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆமாம், சொன்னீர்கள் என்றேன்.

ஜூன் 3, திங்கள்

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இயந்திரம் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறது. சுடலைமுத்து வேலைக்குப் போயாக வேண்டும், சுபிதாவுக்குப் பள்ளி திறக்கப்போகிறது. பகலில் நான் இருக்கிறேன்.

இன்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சிறுநீர் இறங்காததால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கி நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே நாளொன்றுக்கு அரை லிட்டர். கஞ்சி, டீ, மாத்திரைக்கு விடும் தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

மூன்று லிட்டர் குடி என்று கெஞ்சிய அதே வாயால் இனிக் குடிக்காதே என்று நான் சொல்ல வேண்டும். பேராச்சிக்கு இதில் சிரிப்புதான் வந்தது. "குடிக்காம இருக்கிறதுல நான் ஃபர்ஸ்ட் மார்க் டீச்சர்" என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

ஃபர்ஸ்ட் மார்க் இல்லை. இந்தத் தாகம் வேறு மாதிரி இருக்கிறதாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலில் யாராவது டம்ளரைத் தூக்கினால் அவள் கண் அந்தக் கை கூடவே போகிறது. மருந்துப் பாட்டில் மூடியால் அளந்து கொடுக்கிறேன். மணி, அளவு என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தாள். இன்று தெளிவாக இருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று போயிருந்தேன். எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், இதற்கு வாக்கியம் அமையவில்லை.

"பேராச்சி, பள்ளிக்கூடத்துல அந்தக் கழிப்பறையைப் பூட்டினது நான்தான்."

"தெரியும்லா டீச்சர்."

"அன்னிக்குக் கணக்குப் பரீட்சையில..."

"அதுவும் தெரியும்." மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க என்னை அடிக்கல, வையல. மாத்திட்டு வான்னுதான் சொன்னீங்க."

"நீ ஏன்மா வரலை?"

"வேற பாவாடை இல்ல டீச்சர்."

நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். ஊசி குத்திக் கருத்துப்போன கை.

"ஒண்ணே ஒண்ணுதான் யூனிபார்ம். துவைச்சுக் காயப்போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். காயறதுக்குள்ள பரீட்சை முடிஞ்சு எல்லாரும் அந்த வழியா வந்துட்டாங்க. பையன்க சிரிச்சாங்க. மறுநாளு கூச்சமா இருந்துச்சு. அதுக்கு மறுநாளும் கூச்சமா இருந்துச்சு. பெறகு அம்மா உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா." மின்விசிறியை விட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க வீட்டுக்கு வந்து கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். ஒரு வாரம் வாசலையே பாத்துட்டு இருந்தேன் டீச்சர்."

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. கேட்டால் சரி என்று தலையாட்டிவிடுவாள், அவளுக்கு அதுதான் பழக்கம்.

ஜூன் 17, திங்கள்

காலையில் மேலத்தருவைப் பள்ளிக்குப் போனேன். இப்போதைய தலைமையாசிரியர் நல்ல மனிதர். பெண்பிள்ளைகள் கழிப்பறை திறந்திருந்தது. நாறிக்கொண்டிருந்தது, ஆனால் திறந்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. சுபிதாவைக் கூப்பிட்டு, "தண்ணி குடிக்கிறியா?" என்றேன். இல்லை என்பது போலப் பார்த்தாள். "அம்மா கொஞ்சமாக் குடின்னு சொல்லி வளத்துட்டாங்க டீச்சர்" என்றாள். அங்கேயே நின்று ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னேன். என் கண் முன்னால் குடித்தாள்.

மதியம் இதைப் பேராச்சியிடம் சொன்னேன். "முழுசாவா குடிச்சா?" என்று கேட்டாள். முழுவதும் என்றேன். "என்ன நிறத்து டம்ளர்?" என்று கேட்டாள். எதற்கு இதைக் கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. எவர்சில்வர் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள், தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

ஜூன் 20, வியாழன்

மூச்சு வாங்குகிறது. நாளைக் காலை டயாலிசிஸ். அதுவரை ஒரு சொட்டுக் கூடக் கூடாது, இன்றைய அளவு முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து மணி இருக்கும். வெளியே வெயில் இன்னும் இருந்தது.

"ஒரு டம்ளர் குடுங்க டீச்சர்."

"நாளைக்கும்மா. நாளைக்குக் கழுவி முடிஞ்சதும் தர்றேன்."

"அரை டம்ளர்."

"நெஞ்சில தண்ணி கோத்துக்கும் பேராச்சி. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"ஒரு மூடி."

உதட்டைத் துடைத்துவிட்டேன். துணியைப் பல்லால் கவ்விக்கொண்டாள். மெல்ல விடுவித்து எடுத்தேன். ஆறரைக்குச் சுடலைமுத்து வந்தான். கிளம்பினேன்.

ஜூன் 21, வெள்ளி

காலை ஆறு மணிக்குச் சுடலைமுத்து போன் செய்தான். இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் முன்பே போய்விட்டாளாம்.

கேட்ட தண்ணீரை நான் கொடுக்கவில்லை. டாக்டர் சொன்னது சரி. நான் செய்ததும் சரி. முப்பத்தொரு வருட வேலையில் நான் செய்த எல்லாமே இப்படிச் சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 22, சனி

நேற்று எழுத முடியாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

மதியம் காலனிக்குக் கொண்டுவந்தார்கள். உப்பளத்தில் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. லிங்கதுரை ஓரமாக நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய் அவன் பக்கத்தில் நின்றேன். சுபிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் சொல்ல ஒரு உதாரணமும் வரவில்லை.

இறந்தவர்களைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் வரிசையாகப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துவருவார்கள். நீர்மாலை என்பார்கள். தெருக்கோடியில் இருக்கும் அந்தக் கடைசிக் குழாயில் பிடித்தார்கள். ஏழு குடம். பெஞ்சில் உட்கார வைத்துச் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். வெளியே நின்ற என்னைச் சந்தனமாரி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தலையில் ஊற்றினார்கள். நெற்றி, மூடிய கண், உதடு என்று தண்ணீர் இறங்கியது. உதட்டில் கொஞ்சம் தங்கி வழிந்தது. காலுக்குக் கீழே மண் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது குடத்தோடு சந்தனமாரி நிறுத்தினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போதுமா டீச்சர்?"

"இன்னும் ஊத்தும்மா" என்றேன்.